கடைசி விவசாயியும் கடைசியாகக் களை எடுத்தவளும்

2024 பிப்ரவரியில் உசிலம்பட்டியில் உள்ள இயக்குநர் மணிகண்டனின் வீட்டில் திருட்டு நடந்தது. பணமும் நகையும் போயின. அவற்றோடு அவர் வாங்கிய தேசிய விருதுப் பதக்கங்களும் போயின. சில நாள் கழித்துப் பதக்கங்கள் மட்டும் திரும்பி வந்தன. ஒரு பாலித்தீன் பையில் போட்டு வீட்டு வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள். பைக்குள் ஒரு துண்டுச் சீட்டு. எங்களை மன்னித்துவிடுங்கள், உங்கள் உழைப்பு உங்களுக்கே என்கிற பொருளில் அதில் எழுதியிருந்தது.

செய்தி வந்த அன்று நாடே சிரித்தது. என் கைப்பேசிக்கும் கேலிப் படங்கள் வந்து குவிந்தன. உசிலம்பட்டி என்றாலே இப்படித்தான் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்து வளர்ந்தவன் நான். தமிழ் சினிமாவில் நிலம் எப்படிக் காட்டப்படுகிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. அந்தச் சீட்டில் இருந்த 'உழைப்பு' என்ற சொல்லும், அதைப் பார்த்து ஊரார் உச்சரித்த 'திருடன்' என்ற சொல்லும் சில நாள் என்னை விடவில்லை. இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே மணிகண்டனின் சினிமாவைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

திருடன் என்ற சொல்லில் இருந்து தொடங்குகிறேன். உசிலம்பட்டியில் அது சாதாரணச் சொல் கிடையாது. பிரிட்டிஷ் அரசின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்ட பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இந்த வட்டாரத்தில் பெரும்பான்மையாக வாழும் பிறமலைக் கள்ளர்கள் மீது அது பாய்ந்தது. பிறந்ததே குற்றம் என்று சொன்ன சட்டம் அது. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். ராத்திரியில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். 'ரேகைச் சட்டம்' என்றுதான் இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

நான் அந்தச் சாதியைச் சேர்ந்தவன் இல்லை. அந்தச் சாதியின் ஆதிக்கத்தை அனுபவித்த குடும்பம் என்னுடையது. ஆனாலும் ஒரு மக்கள் கூட்டத்தையே பிறப்பால் குற்றவாளி என்று முத்திரை குத்துவது என்ன என்பது எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிறப்பால் தீட்டு என்று சொன்ன சாஸ்திரமும், பிறப்பால் திருட்டு என்று சொன்ன சட்டமும் ஒரே புத்தியில் இருந்து வந்தவை. ஆகவே உசிலம்பட்டியைப் பார்த்து இப்படிச் சிரிப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

சட்டம் போன பிறகும் முத்திரை போகவில்லை. அந்த வேலையைப் பத்திரிகையும் சினிமாவும் எடுத்துக்கொண்டன. 1986இல் இந்தியா டுடே இதழ் உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலை பற்றி அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. நடந்த கொடுமையை வெளியே சொன்ன கட்டுரைதான், அதில் தவறில்லை. ஆனால் அதன் பிறகு உசிலம்பட்டி என்ற பெயரே கள்ளிப்பாலுக்கு மறுபெயர் ஆகிவிட்டது. 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. இன்னொரு பக்கம் மதுரை என்றால் அரிவாள், மீசை, வெள்ளை வேட்டி, பழிக்குப் பழி என்று ஒரு வகைப் படமே உருவானது. வெளியே இருப்பவர்களுக்கு அது பயம் கலந்த வேடிக்கை. உள்ளூரில் அது சாதிப் பெருமை. திருவிழா பேனர்களில் அந்தப் படங்களின் கதாநாயகர்கள் அரிவாளோடு நின்றார்கள். அந்த பேனருக்குக் கீழே நடந்துதான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம்.

இந்த மண்ணில் இருந்து வந்த ஒரு இயக்குநர் எடுத்த நான்கு படங்களிலும் ஓர் அரிவாள் மகிமை கிடையாது. மீசை முறுக்கு கிடையாது. இதை முதலில் சொல்ல வேண்டும். பல பேர் இதை ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் ஊரில் இருந்து பார்த்தால் இது பெரிய செய்தி.

மணிகண்டன் கேமரா வழியாகச் சினிமாவுக்கு வந்தவர். 2010இல் அவர் எடுத்த 'விண்ட்' என்ற குறும்படம் இயக்குநர் வெற்றிமாறனின் கவனத்துக்குப் போனது. வெற்றிமாறனும் தனுஷும் தயாரிக்க, தானே ஒளிப்பதிவும் செய்து 'காக்கா முட்டை' எடுத்தார். 2014 செப்டம்பரில் டொரண்டோ திரைப்பட விழாவில் முதலில் காட்டினார்கள். 2015 ஜூனில் திரையரங்குக்கு வந்தது. சிறந்த குழந்தைகள் படம் என்ற தேசிய விருது கிடைத்தது. நடித்த இரண்டு சிறுவர்களுக்கும் விருது கிடைத்தது. 2016 செப்டம்பரில் மூன்று வார இடைவெளியில் 'குற்றமே தண்டனை', 'ஆண்டவன் கட்டளை' என்று இரண்டு படங்கள் வந்தன. அதற்குப் பிறகு ஆறு வருடம் எடுத்துக்கொண்டார். தானே எழுதி, தானே ஒளிப்பதிவு செய்து, தானே தயாரித்து, தன் சொந்த வட்டாரத்து மனிதர்களையே நடிக்க வைத்து 'கடைசி விவசாயி'யைக் கொண்டு வந்தார். 2022 பிப்ரவரியில் அது வெளியானது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், மாயாண்டியாக நடித்த விவசாயி நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தன. நல்லாண்டி அந்தப் படம் வெளிவரும் முன்பே காலமாகிவிட்டார்.

இந்தப் படங்களில் 'குற்றமே தண்டனை' தவிர்த்த மூன்றிலும் திரும்பத் திரும்ப ஒரு காட்சியைப் பார்க்கிறேன். ஒரு சாமானியர் ஏதோ ஒரு வாசலில் நிற்கிறார். உள்ளே போக அவரிடம் இல்லாத ஒன்றைக் கேட்கிறார்கள். 'காக்கா முட்டை'யில் பீட்சா கடை வாசல். 'ஆண்டவன் கட்டளை'யில் பாஸ்போர்ட் அலுவலக வாசல். ஏஜென்ட் பேச்சைக் கேட்டு மனைவி என்று ஒரு கற்பனைப் பெயரைச் சேர்த்துவிட்ட காந்தி, அந்தப் பெயரை நீக்குவதற்காக நீதிமன்றம் வரை அலைகிறான். 'கடைசி விவசாயி'யில் காவல் நிலையமும் நீதிமன்றமும். முதல் தகவல் அறிக்கை என்ற ஒரு காகிதம் ஏறிவிட்டது. அந்தக் கிழவர் குற்றவாளி இல்லை என்று நீதிபதிக்கே தெரிகிறது. ஆனாலும் காகிதம் அவரை விடமாட்டேன் என்கிறது. நூறு வருடத்துக்கு முன் கைரேகைக் காகிதத்தோடு மல்லுக்கட்டிய மண்ணில் பிறந்தவருக்கு, மனிதனைக் காகிதம் விழுங்கும் கதை பிடிபடுவதில் வியப்பில்லை.

'காக்கா முட்டை'யை நான் மதுரையில் விடுதியில் இருந்தபோது பார்த்தேன். சைதாப்பேட்டை குடிசைப் பகுதியில் இரண்டு சிறுவர்கள். அப்பா சிறையில் இருக்கிறார். அம்மா கூலி வேலைக்குப் போகிறார். தண்டவாளத்தில் விழுந்த நிலக்கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள். அவர்கள் விளையாடிய இடத்தில், காக்கா முட்டை எடுத்துக் குடித்த மரத்தை வெட்டிவிட்டு பீட்சா கடை கட்டுகிறார்கள். பீட்சாவுக்குக் காசு சேர்த்துக்கொண்டு போகிறார்கள், வாசலிலேயே விரட்டுகிறார்கள். உடுப்பு சரியில்லை போல என்று நினைத்து, புது உடுப்பு சம்பாதித்துப் போட்டுக்கொண்டு போகிறார்கள். அப்போது அறை விழுகிறது.

அந்த அறையில் எங்கள் விடுதி அறையே அமைதியாகிவிட்டது. ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம், ஏழு பேரும் பட்டியல் சாதி மாணவர்கள். படத்தில் சாதி என்ற சொல் வரவில்லை. எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையும் இல்லை. காசு இருந்தால் சாதி போய்விடும் என்பவர்களுக்கும், நல்லா உடுத்தினால், நல்லாப் படித்தால் சாதி போய்விடும் என்பவர்களுக்கும் அந்தக் காட்சியே பதில். அந்தப் பையன்களிடம் காசு இருந்தது, உடுப்பு இருந்தது. வாசலில் நின்றவனுக்கு அவர்கள் யார் என்று வேறு ஏதோ ஒன்றில் தெரிந்துவிட்டது. அந்த 'வேறு ஏதோ ஒன்று' என்ன என்பது சென்னைக் குடிசைப் பகுதிகளில் பெருவாரியாக வாழ்வது யார் என்று அறிந்தவர்களுக்குத் தெரியும். படம் வந்த அதே 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. அதைக் காரணம் காட்டி அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டை மக்களை அள்ளி பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். காக்கா முட்டைகளின் மரம் மட்டும் போகவில்லை.

சாதிப் பெயரைச் சொல்லாமல் சாதியைக் காட்ட முடியுமா என்பது நம்மிடையே பழைய விவாதம். பா. இரஞ்சித்தின் 'அட்டகத்தி', 'மெட்ராஸ்' ஆகியவற்றுக்குப் பிறகு, மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்த பிறகு, நம்மில் பலர் சொல்லாமல் விடுவதைத் தப்பித்தல் என்றே பார்க்கிறோம். பல படங்களுக்கு அது சரியான தீர்ப்பும்கூட. ஆனால் 'காக்கா முட்டை'யின் மௌனத்தை நான் தப்பித்தல் என்று சொல்லமாட்டேன். அங்கே கேமரா நிற்கும் இடம் பையன்களின் உயரத்தில் இருக்கிறது. வாசலுக்கு வெளியே இருந்துதான் நாம் கடையைப் பார்க்கிறோம். கீழே இருந்து பார்க்கிற கண்ணுக்குச் சாதியின் பெயர் தேவைப்படாது, அதன் கை தெரிந்தால் போதும்.

சிக்கல் 'கடைசி விவசாயி'யில்தான் எனக்குத் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவர் என் அம்மாச்சி.

அந்தப் படம் இணையத்தில் வந்த பிறகு அம்மாச்சிக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். எண்பதைத் தாண்டியவர். அவர் வயதுக்காரர் ஒருவர் கதாநாயகனாக வருகிறார், பேச்சு எல்லாம் நம்ம ஊர்ப் பேச்சு என்றதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஊரில் இடி விழுந்து மரம் பட்டுப்போகிறது. குலசாமிக்குப் பல வருடமாகக் கும்பிடு நடக்காததால்தான் என்று ஊர் முடிவு செய்கிறது. சாமிக்குப் படைக்கப் புது நெல் வேண்டும். எல்லாரும் நிலத்தை விற்றுவிட்டார்கள், மாயாண்டி ஒருவரிடம் மட்டும் உழவு இருக்கிறது. அவர் நெல் போடுகிறார். வயலில் செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்கு, கொன்றார் என்று வழக்கு வருகிறது. அம்மாச்சி முழுவதும் ரசித்துப் பார்த்தார். விதைக் கடையில் மாயாண்டி பேசும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். நிலத்தை விற்று யானை வாங்கிய யோகிபாபுவைப் பார்த்து, "கூறுகெட்ட பய" என்றார். வழக்கில் மாட்டியதும், "பாவம், காது கேக்காத மனுசன" என்று உச்சுக்கொட்டினார்.

படம் முடிந்ததும் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தவர், "அவுக கடைசி விவசாயின்னா, கடைசியா களை எடுத்தவளுக்கு என்னடா பேரு?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. பத்து வயதில் நடவுக்குப் போனவர் அம்மாச்சி. நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்து, கட்டுச் சுமந்து, களத்தில் அடித்துத் தூற்றி, மற்றவர்கள் வீட்டுக் குதிருக்கு நெல் கொண்டுபோய்ச் சேர்த்தவர். படிக் கணக்கில் கூலி நெல் வாங்கியவர். சோளக் காடு, கடலைக் காடு, பூந்தோட்டம் என்று இந்தச் சுற்றுப்பட்டில் அவர் கால் படாத புஞ்சை கிடையாது. அவர் பெயரில் ஒரு சென்ட் நிலம் இன்று வரை இல்லை. நிலம் விற்றுப் பிளாட் ஆனபோது விற்றவர்கள் கைக்குப் பணம் வந்தது. அம்மாச்சிக்கு வேலை போனது. அவ்வளவுதான். பிறகு நூறு நாள் வேலைக்குப் போனார். முட்டி தேய்ந்ததும் அதையும் விட்டார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம் பேர். விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம் பேர். ஒரு விவசாயிக்கு இரண்டு பேருக்கு மேல் கூலிகள். விவசாயம் சாகிறது என்று நாம் பாடும் ஒப்பாரியில் இந்த 96 லட்சம் பேருக்கு ஒரு வரி உண்டா? 'விவசாயி' என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டுக்குக் கண் கலங்குகிறது. 'கூலி' என்ற சொல்லுக்கு அந்தக் கண்ணீர் கிடையாது. நிலம் வைத்திருப்பவரைக் குறிக்கும் சொல்லில் புனிதம் ஏறியிருக்கிறது. நிலத்தில் குனிந்து நிற்பவரைக் குறிக்கும் சொல்லில் தீட்டு ஒட்டியிருக்கிறது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேலும் கீழுமாகப் பிரித்து அடுக்கியிருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே விளக்கினார். ஒரே வயலில் நின்றாலும் ஒருவர் விவசாயி, இன்னொருவர் ஆள்.

மாயாண்டி நல்ல மனிதர். அவரிடம் எனக்கு எந்தப் பகையும் இல்லை. சொந்தக் கையால் பாடுபடும் சிறு விவசாயி அவர், பண்ணையார் கிடையாது. ஆனால் படம் அவரை மையத்தில் வைத்து, அவரைச் சுற்றி 'ஊர்' என்ற ஒன்றை எழுப்புகிறது. ஒதுங்கிக் கிடந்த ஊர், சாமி கும்பிடுக்காக ஒன்றுகூடுகிறது. பார்ப்பவர்கள் மனம் நிறைகிறது. எனக்கு அந்த இடத்தில்தான் தொண்டை அடைத்தது, வேறு காரணத்துக்காக. எங்கள் பகுதியில் 'ஊர் கூடுவது' என்றால் என்ன என்று நான் பார்த்திருக்கிறேன். ஊர் கூடும்போதுதான் யாருக்கு முதல் மரியாதை, யார் தேர் வடம் தொடலாம், யார் எந்தத் தெரு வரைக்கும் வரலாம் என்ற கணக்கெல்லாம் வெளியே வரும்.

எழுமலைக்குப் பக்கத்தில் உத்தப்புரம் இருக்கிறது. 1989 மோதலுக்குப் பிறகு அங்கே பட்டியல் சாதி மக்களைப் பிரித்து சுமார் 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரில் ஒரு பகுதியை இடித்து வழி விட 2008 மே 6 வரை ஆனது. அங்கேயும் ஒரு மரம் இருந்தது. அரசமரத்தை வழிபடும் உரிமையும் முத்தாலம்மன் கோயிலுக்குள் போகும் உரிமையும்தான் சண்டையின் நடுவே இருந்தன. 2011 நவம்பரில் போலீஸ் காவலோடுதான் பட்டியல் சாதி மக்கள் அந்தக் கோயிலுக்குள் நுழைய முடிந்தது. அங்கே ஆதிக்கம் செய்தது உசிலம்பட்டியின் பெரும்பான்மைச் சாதி இல்லை, வேறொரு சாதி. அதனால்தான் சொல்கிறேன், இது ஒரு சாதியின் குணம் பற்றிய பேச்சு அல்ல, சாதி என்ற ஏற்பாடு பற்றிய பேச்சு.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய பெயர்களை மறந்திருக்க மாட்டீர்கள். 1996இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே ஒரு தலைவரை உட்கார விடவில்லை. வேட்புமனு போட ஆள் வராது. வந்தாலும் ஜெயித்த கையோடு ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். 1920இல் பிறப்பை வைத்து எங்களைக் கட்டுப்படுத்தாதே என்று துப்பாக்கிக்கு முன் நின்ற மக்களின் பேரப்பிள்ளைகள், 1996இல் பிறப்பை வைத்து இன்னொருவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்றார்கள். பெருங்காமநல்லூர் தியாகத்தை நான் மதிக்கிறேன். மதிப்பதால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். அந்தப் போராட்டத்தின் வாரிசுகள் காலனி மக்களோடு நின்றிருக்க வேண்டியவர்கள் இல்லையா?

காவல் நிலையக் காட்சிகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 'கடைசி விவசாயி'க்கு மூன்று மாதம் முன்பு, 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வந்தது. 1993இல் நடந்த ஒரு காவல் கொலையைத் தழுவிய படம். இரண்டிலும் பொய் வழக்கு. ஒன்றில் இருளர் இளைஞர் அடித்தே கொல்லப்படுகிறார். இன்னொன்றில் நீதிபதி இரக்கப்படுகிறார், கிழவரின் பயிர் காயக்கூடாது என்று போலீஸ்காரரே தண்ணீர் பாய்ச்சப் போகிறார். இரண்டில் எது உண்மை என்று கேட்டால் இரண்டும்தான். ஆள் யார் என்பதைப் பொறுத்துக் காவல் நிலையம் மாறும். நிலமும் ஊரும் சொந்தமும் உள்ள ஒரு முதியவருக்குக் கிடைக்கும் சிறு இரக்கம்கூட, அவை எதுவும் இல்லாதவருக்குக் கிடைக்காது. மாயாண்டி வீட்டார் ஒரு தலைமுறைக்கு முன் எந்தக் காவல் நிலையச் சாவடியில் படுக்க வைக்கப்பட்டிருப்பார்களோ, அந்த இடத்தில் இன்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

'குற்றமே தண்டனை'யின் நாயகனுக்கு ஒரு பார்வைக் கோளாறு. நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் இருப்பது தெரியாது. 'கடைசி விவசாயி'யின் கேமரா வயலை, மயிலை, மலையை, அந்த முதியவரின் முகச் சுருக்கத்தை அவ்வளவு அன்போடு பார்க்கிறது. பக்கவாட்டில் காலனி இருக்கிறது. 'காக்கா முட்டை'யில் பேசாமலே பேசிய மௌனம், இங்கே ஊர் எல்லாம் ஒன்று என்ற நிம்மதியைத் தந்துவிடுகிறது. ஒரே இயக்குநர், ஒரே மௌனம். கேமரா எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறிவிட்டது. சென்னையில் அவர் வாசலுக்கு வெளியே நின்றார். சொந்த ஊரில் ஊருக்குள் நின்றார்.

மணிகண்டனின் சாதி என்ன என்று இணையத்தில் தேடுபவர்கள் உண்டு. எனக்கு அது தேவையில்லை. அவர் தன் படங்களில் சாதிப் பெருமையை விற்கவில்லை. விற்றிருந்தால் அவருக்கு உள்ளூரில் கட்அவுட் வைத்திருப்பார்கள். அதை மறுத்த ஒருவரிடம் மட்டும்தான் அடுத்த கேள்வியைக் கேட்க முடியும். அரிவாள் படம் எடுப்பவர்களிடம் கேட்டு என்ன பயன்?

அம்மாச்சியின் கேள்விக்குத் தெற்கே இருந்து ஒரு பதில் வந்தது. 2024 ஆகஸ்டில் மாரி செல்வராஜின் 'வாழை' வெளியானது. வாழைத்தார் சுமக்கும் கூலிகளின் கதை, அதைச் சுமந்த சிறுவன் பெரியவனாகி எடுத்த கதை. தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூடக் கேட்பதே அங்கே பெரும் போராட்டம். விளைச்சலைப் பற்றிய படமாக அல்லாமல், விளைச்சலைச் சுமக்கும் கழுத்தைப் பற்றிய படமாக அது இருந்தது. தாமிரபரணிப் பக்கத்துக்கு அப்படி ஒரு படம் கிடைத்துவிட்டது. வைகையின் வறண்ட கரைக்கு, 58 கிராமக் கால்வாய்த் தண்ணீருக்காகக் காத்துக் கிடக்கும் இந்தப் பூமியின் கூலிகளுக்கு, இன்னும் கிடைக்கவில்லை. அதை மணிகண்டன்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் காலனியில் இருந்து ஒரு பிள்ளை எடுக்கலாம். அதற்கு அந்தப் பிள்ளை கையில் கேமரா போய்ச் சேர வேண்டும். உசிலம்பட்டியில் இருந்து டொரண்டோ வரை ஒருவர் போக முடியும் என்று மணிகண்டன் காட்டியிருக்கிறார். அந்தப் பாதை காலனி வழியாகவும் போக வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

மறுபடி அந்தத் துண்டுச் சீட்டுக்கு வருகிறேன். உங்கள் உழைப்பு உங்களுக்கே என்று எழுதியவர்கள் யாரோ, தெரியாது. செய்தது குற்றம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒருவரின் உழைப்பை எடுத்துக்கொண்டால் திருப்பித் தர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக உழைப்பை எடுத்துக்கொண்டவர்கள் யாரும் அப்படி ஒரு சீட்டை எங்கள் தெருவில் தொங்கவிட்டதில்லை. பஞ்சமி நிலம் திரும்பி வரவில்லை. குறைத்து அளந்த கூலி நெல் திரும்பி வரவில்லை.

போன வருடம் அம்மாச்சியை வேளாண்மை அலுவலகம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் ஒன்றிய அரசின் திட்டம் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள், தனக்கும் கேட்டுப் பார் என்று நச்சரித்தார். அது நிலம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். சொன்னால் கேட்கவில்லை. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "பட்டா இருக்கா பாட்டி?" என்று கேட்டார். இல்லை என்றார் அம்மாச்சி. "அப்ப நீங்க விவசாயி இல்ல பாட்டி" என்றார் அவர்.

அம்மாச்சி இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்தார். ரேகை எல்லாம் தேய்ந்துபோன கைகள். ரேஷன் கடை மெஷினில்கூட அவருக்கு ரேகை விழுவதில்லை. "அறுவது வருசம் நாத்து நட்ட கையி தம்பி. இதுக்கு ஒங்க கணக்குல என்ன பேரு?" என்று கேட்டார்.

அவர் பதில் சொல்லவில்லை. வரிசையில் எங்களுக்குப் பின்னால் பட்டாவோடு நின்றவர், கொஞ்சம் நகரச் சொன்னார்.